அபாய அறிவிப்பு லயத்து வாசலை எட்ட வேண்டும்

அபாயம் வருகிறது என்பது ஒருவனுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த அபாயத்தில் அகப்படப் போகிறவனுக்குத் தெரியவில்லை. இருவருக்கும் இடையே சில மணி நேரம் அவகாசம் இருக்கிறது. ஆயினும் சொல்வார் இல்லை, கேட்பார் இல்லை. இதைவிடக் கொடுமை வேறென்ன இருக்க முடியும்?

இது கற்பனையன்று. நம் கண்ணெதிரே நடந்தது. 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை. நம் நாட்டு நேரப்படி காலை 9 மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கையில் சுமத்திராவின் வடமேற்குக் கடலடியில் பூமி நடுங்கியது. அரை மணி நேரத்துக்குள் ஆச்சே கரையைக் கடல் விழுங்கியது. 11 மணி வாக்கில் தாய்லாந்தின் புக்கெட் கரையில் அலை ஏறியது. அதன் பின் சற்று நேரத்தில் தமிழ்நாட்டுக் கரையை அடித்து நொறுக்கியது. பகல் ஒரு மணி அளவில்தான் பினாங்குக் கரையைத் தொட்டது. கெடாவில் கோத்தா கோலா மூடா மீனவர் கிராமமும் தப்பவில்லை.

நம் நாட்டில் மாண்டவர்கள் 68 பேர். அவர்களில் 52 பேர் பினாங்கில் மாண்டவர்கள். விடுமுறை நாளில் பிள்ளைகுட்டிகளோடு கடற்கரைக்குப் போனவர்கள் எத்தனை பேர் வீடு திரும்பவில்லை! நில நடுக்கத்துக்கும் அந்த அலைக்கும் இடையே ஏறக்குறைய நாலு மணி நேரம் இருந்தது. நாலு மணி நேரத்தில் ஒரு தொழிலாளி பெரட்டுக்கு நின்று, தன் நிரைக்குப் போய், அத்தனை மரத்தையும் வெட்டி முடித்துவிடுகிறான். அத்தனை நேரம் இருந்தும் "கரையை விட்டு ஓடுங்கள்" என்ற நாலு சொல் அந்த மக்களின் காதுக்கு வந்து சேரவில்லை.

செய்தி யாருக்குமே தெரியாதா? தெரியும். ஹவாய்த் தீவிலுள்ள பசிபிக் சுனாமி எச்சரிக்கை நிலையம் பதினைந்து நிமிடத்தில் நில நடுக்கத்தைப் பற்றி அறிவிப்பு அனுப்பியது. ஆனால் அந்த நிலையம் பசிபிக் கடல் நாடுகளுக்காக ஏற்பட்டது. இந்து மாக்கடல் நாடுகளுக்கு அப்படி ஓர் அமைப்பே அன்று கிடையாது. யாரை எழுப்புவது, எந்த எண்ணுக்கு டெலிபோன் செய்வது என்ற ஏற்பாடும் இல்லை. ஏறக்குறைய 230,000 உயிர்கள் பதினான்கு நாடுகளில் போயின. கடல் கொன்றது பாதி. மௌனம் கொன்றது மீதி என்று நாம் சொன்னால் அது மிகையாகாது.

அதே நாளில் நடந்த இன்னொரு சம்பவத்தையும் தொழிலாளர்கள் அறிய வேண்டும். புதுச்சேரிக்கு அருகே நல்லவாடு என்றொரு மீனவர் கிராமம். அந்த ஊர்ப் பிள்ளை ஒருவர் சிங்கப்பூரில் வேலை செய்துகொண்டிருந்தார். சுமத்திராவில் நடந்ததைச் சிங்கப்பூரில் செய்தியாகக் கேட்டதும் ஊருக்கு டெலிபோன் செய்தார். கடல் நீர் வீட்டை நெருங்குவதாக அங்கிருந்து பதில் வந்தது. "எல்லாரையும் எழுப்பி ஓடச் சொல்லுங்கள்" என்றார். எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் அந்த ஊரில் ஓர் அறிவு மையம் வைத்திருந்தது. கடலின் நிலையை மீனவருக்குத் தினந்தோறும் சொல்ல அங்கே ஒலிபெருக்கி இருந்தது. ஊர் மக்கள் அந்த மையத்தைத் திறந்து ஒலிபெருக்கியில் முழங்கினார்கள். வீடுகள் போயின, படகுகள் போயின. ஆனால் ஏறக்குறைய 3,600 பேர் உயிர் தப்பினார்கள்.

இதைக் கடவுள் செயல் என்று சொல்லிக் கும்பிட்டுவிட்டுப் போய்விடலாமா? கூடாது. இதில் அடங்கியிருப்பவை மூன்று. ஒன்று, செய்தி அறிந்தவன் அதைத் தன்னோடு வைத்துக்கொள்ளவில்லை. இரண்டு, அவன் சொன்னதை நம்பிக் கேட்க மறுமுனையில் ஆள் இருந்தது. மூன்று, கேட்டதை ஊர் முழுவதும் ஒரே நொடியில் சொல்ல, பழகிய குரலும் பழகிய கருவியும் ஊருக்குள்ளேயே இருந்தன. கடல் கடந்து உழைக்கப் போன ஒரு தமிழ்த் தொழிலாளி, அரசாங்கங்கள் செய்யத் தவறியதை ஒரு டெலிபோன் பேச்சில் செய்து முடித்தான். இது நமக்குப் பெருமைதான். ஆனால் 3,600 உயிர்கள் ஒரு தனி மனிதனின் பாசத்தை நம்பி இருந்தன என்பதை நினைத்தால் நெஞ்சு நடுங்குகிறது. அவர் அன்று செய்தியைக் கேட்காமல் தூங்கிப் போயிருந்தால்?

அதன் பிறகு அரசாங்கங்கள் சும்மா இருக்கவில்லை. இதை ஒப்புக்கொள்வதே நியாயம். 2005-ல் ஐக்கிய நாடுகளின் யுனெஸ்கோ மூலமாக இந்து மாக்கடலுக்கும் ஓர் எச்சரிக்கை அமைப்பு ஏற்பட்டது. 2011 முதல் இந்தியாவின் ஹைதராபாத்திலிருந்தும், இந்தோனேசியாவின் ஜாக்கர்த்தாவிலிருந்தும், ஆஸ்திரேலியாவிலிருந்தும் இக்கடலோர நாடுகளுக்கு எச்சரிக்கை போகிறது. ஆசியான் நாடுகள் 2005-ல் பேரிடர் உடன்படிக்கையில் கையெழுத்திட்டன. அது 2009-ல் அமலுக்கு வந்தது. 2011-ல் ஜாக்கர்த்தாவில் ஆசியானின் ஒருங்கிணைப்பு மையம் திறக்கப்பட்டது. நம் நாட்டிலும் 2015-ல் நட்மா என்ற தேசியப் பேரிடர் நிர்வாக நிறுவனம் ஏற்பட்டது. அரசாங்கத்துக்கு அரசாங்கம் பேசிக்கொள்ள இன்று பாதை இருக்கிறது. இருபது ஆண்டுகளுக்கு முன் இல்லாத நன்மை இது.

ஆனால் நம் கேள்வி வேறு. அரசாங்கத்துக்கும் அரசாங்கத்துக்கும் பாலம் போட்டாயிற்று. அரசாங்கத்துக்கும் மக்களுக்கும் பாலம் எங்கே?

2008-ஆம் ஆண்டு மே மாதம் மியன்மாரின் ஐராவதி முகத்துவாரத்தை நர்கீஸ் புயல் தாக்கியது. புயல் கரையேறுவதற்கு 48 மணி நேரம் முன்பே இந்திய வானிலைத் துறை அந்நாட்டு அதிகாரிகளுக்குச் செய்தி கொடுத்துவிட்டது. நாடு விட்டு நாடு செய்தி போயிற்று. நாட்டுக்குள்ளே அது போகவில்லை. முகத்துவாரத்துக் குடியானவன் குடிசையில் அகப்பட்டுக்கொண்டான். மாண்டும் காணாமலும் போனவர்கள் ஏறக்குறைய 138,000 பேர்.

2018 செப்டம்பர் 28-ல் சுலாவெசித் தீவின் பாலு நகரம். ஜாக்கர்த்தாவிலிருந்து சில நிமிடங்களிலேயே எச்சரிக்கை புறப்பட்டது. ஆனால் நில நடுக்கத்தில் டெலிபோன் கோபுரங்கள் சாய்ந்துவிட்டன. கடற்கரையில் சங்கு இல்லை. எச்சரிக்கை காற்றிலே நின்றது. அலை கரையிலே வந்தது. நில நடுக்கத்திலும் அலையிலும் நிலம் குழம்பாகிப் புதைந்ததிலும் 4,000-க்கும் அதிகமானோர் மடிந்தனர்.

வெளிநாட்டுக் கதை எதற்கு? 2021 டிசம்பரில் சிலாங்கூரில் பெய்த மழையை நாம் மறந்துவிட்டோமா? ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் நம்மவர் பலரும் குடியிருக்கிறார்கள். வெள்ளம் மாடி வரை ஏறியது. மக்கள் கூரை மேலே காத்துக் கிடந்தார்கள். பலரை மீட்டவர்கள் சொந்தப் படகோடு வந்த பொதுமக்கள். அந்த வெள்ளத்தில் நாடு முழுவதும் 50-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நகரத்தின் மடியிலேயே இந்த நிலை என்றால், தார் ரோட்டிலிருந்து ஐந்து மைல் உள்ளே இருக்கும் தோட்டத்தின் நிலை என்ன?

தோட்டத்துக்கு ஓர் அபாயச் செய்தி எப்படி வருகிறது என்பதை எண்ணிப் பாருங்கள். பெட்டாலிங் ஜெயாவிலுள்ள வானிலைத் துறையிலிருந்து அறிவிப்பு புறப்படுகிறது. அது மலாயிலும் ஆங்கிலத்திலும் இருக்கிறது. மாவட்ட அலுவலகத்துக்குப் போகிறது. அங்கிருந்து தோட்ட ஆபீசுக்கு வந்தால் வரும். ஞாயிற்றுக்கிழமை என்றால் ஆபீஸ் பூட்டியிருக்கும். மற்ற நாளென்றால் மானேஜர் வெளியே போயிருப்பார். கிராணியார் சம்பளக் கணக்கில் மூழ்கியிருப்பார். அவர் பார்த்தாலும், மானேஜர் உத்தரவில்லாமல் காட்டிலிருந்து ஆட்களை அழைக்க அவருக்கு அதிகாரம் உண்டா? அப்படியே அழைக்க நினைத்தாலும் மரத்தடியில் நிற்கும் தொழிலாளியின் கைத்தொலைபேசியில் அலைவரிசை இருக்குமா? பக்கத்து நிரையிலும் செம்பனைக் காட்டிலும் வேலை செய்யும் வங்காளதேசத்துத் தொழிலாளிக்கும் நேபாளத்துத் தொழிலாளிக்கும் அந்த அறிவிப்பின் மொழி புரியுமா? ஆயாக்கொட்டகையில் இருக்கும் பச்சைக் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எந்த மேட்டுக்குப் போவது என்று ஆயாவுக்கு யாராவது சொல்லி வைத்திருக்கிறார்களா?

சங்கிலி எவ்வளவு நீளமாக இருந்தாலும் கடைசி வளையம் அறுந்தால் வாளி கிணற்றுக்குள்தான்.

இதற்கெல்லாம் மேலாக ஒன்று இருக்கிறது. அதுதான் கூலி. அறிவிப்பு வந்துவிட்டது என்றே வைத்துக்கொள்வோம். மரம் வெட்டியாயிற்று, மங்கில் பால் விழுந்துகொண்டிருக்கிறது. அப்படியே விட்டுவிட்டு வந்தால் அன்றைய உழைப்பு பாழ். எடைக்குக் கூலி வாங்குகிறவன் என்ன செய்வான்? இடி இடித்தாலும், ஆறு பெருகினாலும், "இன்னும் கொஞ்ச நேரம், பாலை எடுத்துவிட்டுப் போவோம்" என்றுதான் நிற்பான். அவன் அறிவில்லாதவன் அல்லன். அரிசிக் கணக்கு தெரிந்தவன். உயிருக்குப் பயந்து ஓடினால் வயிற்றுக்கு நட்டம் என்ற நிலையில் அவனை வைத்துவிட்டு, ஆயிரம் சங்கு ஊதினாலும் என்ன பயன்?

2013 ஜூன் மாதம் சுமத்திராவில் எரிந்த நெருப்பின் புகை நம்மை மூடியது. மூவார் வட்டாரத்தில் காற்றுத் தூய்மைக்கேட்டின் குறியீடு 700-ஐத் தாண்டியது. 300-க்கு மேல் போனாலே ஆபத்து. மூவாரிலும் லேடாங்கிலும் அரசாங்கம் அவசர நிலை அறிவித்தது. பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. அது நல்ல காரியம். ஆனால் நாள் முழுவதும் அந்தக் காற்றிலேயே நின்று உழைக்கும் தொழிலாளிக்கு எந்த எண்ணில் வேலை நிற்க வேண்டும், அன்றைய கூலியை யார் தர வேண்டும் என்று தெளிவான விதி இருக்க வேண்டாமா? மேலும் பாருங்கள்: ஒரே நெருப்பு, ஒரே புகை, ஜொகூர் நீரிணைக்கு இக்கரையில் ஒரு பெயரில் ஒரு கணக்கு, அக்கரைச் சிங்கப்பூரில் வேறு பெயரில் வேறு கணக்கு. தினமும் பாலத்தைக் கடந்து வேலைக்குப் போகும் தொழிலாளி எந்த எண்ணை நம்புவான்? புகைக்குப் பாஸ்போர்ட் இல்லை. எச்சரிக்கைக்கு மட்டும் ஏன்?

"வதந்தி கேட்டவுடன் எல்லாரும் வேலையை விட்டு ஓடினால் தோட்டம் என்னாவது?" என்று முதலாளிமார் கேட்கக்கூடும். கேள்வியைத் தட்டிக்கழிக்க நாம் விரும்பவில்லை. 2012 ஏப்ரல் 11-ல் சுமத்திரா அருகே மீண்டும் பெரிய நில நடுக்கம் வந்தது. பந்தா ஆச்சேயில் மக்கள் ஒரே நேரத்தில் மோட்டார் சைக்கிளிலும் காரிலும் பாய்ந்து சாலைகள் அடைபட்டன. பெரிய அலை வராதது அவர்கள் அதிர்ஷ்டம். ஆகவே அறிவிப்பு மட்டும் போதாது, ஒழுங்கும் வேண்டும். அந்த ஒழுங்கு முன்கூட்டிப் பழகினால்தான் வரும். நம்பத்தக்க அறிவிப்பு எது, யார் சொல்வார் என்று முன்பே தெரிந்திருந்தால் வதந்திக்கு இடமேது? வாட்ஸ்அப்பில் வந்ததையெல்லாம் பத்துப் பேருக்குத் தள்ளிவிடும் பழக்கம் நம்மவரிடமும் இருக்கிறது. அதை நாமும் விட்டொழிக்க வேண்டும். பத்து முறை பொய்யாகக் கூவினால், பதினோராம் முறை புலி வரும்போது யாரும் எழுந்திருக்க மாட்டார்கள்.

இது ஏழை நாட்டால் ஆகாத காரியம் என்று யாரும் சொல்ல முடியாது. 1970-ல் இன்றைய வங்காளதேசத்தில் ஒரே புயலில் மூன்று லட்சத்துக்கும் அதிகமானோர் மாண்டனர். அதன் பிறகு அந்நாடு செம்பிறைச் சங்கத்தோடு சேர்ந்து கிராமந்தோறும் தொண்டர் படை அமைத்தது. இன்று அதில் 70,000-க்கும் மேற்பட்டோர் இருக்கிறார்கள். அவர்களில் பாதிப் பேர் பெண்கள். கையில் மெகாபோன், கொடி, கைச்சங்கு. ஏறிச் செல்லச் சைக்கிள். 2020-ல் அம்பான் புயல் வந்தபோது 20 லட்சம் பேருக்கு மேல் முன்கூட்டியே அப்புறப்படுத்தப்பட்டனர். வங்காளதேசத்தில் இறந்தவர்கள் சில பத்துப் பேரே. லட்சக் கணக்கு எங்கே, பத்துக் கணக்கு எங்கே! வித்தியாசத்தை உண்டாக்கியது வானத்திலுள்ள செயற்கைக்கோள் மட்டுமன்று. வாசலில் வந்து நின்ற பக்கத்து வீட்டுக்காரியும்தான்.

2004-ல் நில நடுக்கம் தோன்றிய இடத்துக்கு அருகிலேயே சிமெலுவே என்ற தீவு இருக்கிறது. அங்கே ஏறக்குறைய 78,000 பேர் வாழ்ந்தார்கள். இறந்தவர்கள் ஏழு பேர். 1907-ல் கண்ட அழிவைப் பாட்டன் பாட்டிமார் கதையாகவும் பாட்டாகவும் சொல்லிச் சொல்லி வளர்த்திருந்தார்கள். பூமி நடுங்கிக் கடல் உள்வாங்கினால் "ஸ்மோங்" என்று கூவிக்கொண்டு மலைக்கு ஓட வேண்டும். அவ்வளவுதான் பாடம். எச்சரிக்கை அமைப்பு எதுவும் அவர்களுக்கு இல்லை. பழகிய ஒரே ஒரு சொல் ஒரு தீவையே காத்தது.

ஆகவே நாம் கேட்பவை இவை.

அரசாங்கம் அபாய அறிவிப்பைத் தமிழிலும், சீனத்திலும், தோட்டங்களில் உழைக்கும் வெளிநாட்டுத் தொழிலாளரின் மொழிகளிலும் வெளியிட வேண்டும். "வானிலை மோசமாகலாம்" என்ற பூசி மெழுகும் பேச்சு வேண்டாம். எந்த ஆறு, எந்த நேரம், எந்த மேடு என்று நேரே சொல்லட்டும். மின்னல் எஃப்எம் வானொலியில் வழக்கமான நிகழ்ச்சியை நிறுத்தி உடனே அறிவிக்கும் ஏற்பாடு உறுதியாக இருக்கட்டும். ஆசியான் நாடுகள் புகைக்கும் வெள்ளத்துக்கும் ஒரே அளவுகோலை ஏற்றுக்கொள்ளட்டும்.

நிர்வாகங்கள் ஒவ்வொரு தோட்டத்திலும் அபாயச் செய்திக்குப் பொறுப்பாக ஒருவரையும், அவர் இல்லாதபோது இன்னொருவரையும் பெயர் குறித்து நியமிக்க வேண்டும். ஞாயிறும் பண்டிகையும் இதற்கு விதிவிலக்கல்ல. 2004-ல் அலை ஞாயிற்றுக்கிழமைதான் வந்தது. மின்சாரம் போனாலும் ஒலிக்கும் சங்கு காட்டின் கோடி வரை கேட்க வேண்டும்.

கூலிக்கு வருவோம். 1994-ஆம் ஆண்டு வேலையிடப் பாதுகாப்பு, சுகாதாரச் சட்டம் 2022-ல் திருத்தப்பட்டு 2024 ஜூன் 1 முதல் அமலில் இருக்கிறது. அதன் 26A பிரிவைத் தொழிலாளர் ஒவ்வொருவரும் மனப்பாடம் செய்ய வேண்டும். உடனடி அபாயம் இருப்பதாக நம்பத் தக்க காரணம் இருந்து, முதலாளி அதை நீக்க நடவடிக்கை எடுக்காவிட்டால், தொழிலாளி அவ்விடத்தை விட்டு விலகும் உரிமை உடையவன். அதற்காக அவனைத் தண்டிக்கவோ பாகுபடுத்தவோ கூடாது. சட்டம் விலகும் உரிமையைத் தந்திருக்கிறது. ஆனால் அன்றைய கூலியை வெட்டினால் அந்த உரிமை ஏட்டுச் சுரைக்காய்தான். எனவே அபாய அறிவிப்பினால் வேலை நின்ற நாளுக்குக் கூலி உண்டு என்ற ஷரத்து கூட்டு ஒப்பந்தத்தில் ஏற வேண்டும். சங்கம் பேச்சுவார்த்தை மேசையில் முதலில் வைக்க வேண்டிய கோரிக்கைகளில் இதுவும் ஒன்று.

கடைசியாக நம் பங்கு. மேலிடம் செய்யட்டும் என்று கைகட்டி உட்காருவது தொழிற்சங்கவாதிக்கு அழகன்று. ஒவ்வொரு கிளையும் ஐந்து பேர் கொண்ட குழுவை அமைக்கட்டும். அதில் இரண்டு பேராவது பெண்களாக இருக்கட்டும். எந்த வீட்டில் நடக்க முடியாத முதியவர், எந்த வீட்டில் கைக்குழந்தை என்ற கணக்கு அவர்கள் கையில் இருக்க வேண்டும். கோயில் ஒலிபெருக்கியின் சாவி யாரிடம் என்று தெரிந்திருக்க வேண்டும். ஆண்டுக்கு இருமுறை, பெரட்டு மணி அடித்து மேட்டுக்கு ஏறிப் பழக வேண்டும்.

கிராணிமார்களுக்கு ஒரு வார்த்தை. மலாயும் ஆங்கிலமும் தமிழும் அறிந்தவர்கள் நீங்கள். அறிவிப்பு முதலில் வந்து விழுவது உங்கள் மேசையில். அந்தக் காகிதத்தின் மேல் கோப்பையை வைத்துவிட்டுச் சம்பளக் கணக்கைப் பார்க்காதீர்கள். நல்லவாடு ஊருக்கு டெலிபோன் செய்த தொழிலாளியின் இடத்தில் இன்று நீங்கள் இருக்கிறீர்கள். மறுமுனையில் உங்கள் குரலுக்காகக் காத்திருப்பவர்கள் உங்கள் சகோதரர்கள்.

பூமி நடுங்குவதை நிறுத்த நம்மால் ஆகாது. மழையைத் தடுக்க நம்மால் ஆகாது. ஆனால் செய்தியைத் தடுக்காமல் இருக்க நம்மால் ஆகும். ஜாக்கர்த்தாவில் பிறந்த எச்சரிக்கை பெட்டாலிங் ஜெயாவோடு நின்றுவிடக் கூடாது. தோட்ட ஆபீசோடும் நின்றுவிடக் கூடாது. கடைசி லயத்தின் கடைசி வீட்டில் கதவைத் தட்டி, அந்த வீட்டார் வெளியே வந்த பிறகுதான் அறிவிப்பு முடிந்ததாகப் பொருள். அதுவரை நாம் கேட்டுக்கொண்டே இருப்போம்.